தாயார் வந்த வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். மனிதனுடைய கெட்டிக்காரத்தனத்தைச் சோதிப்பதற்கு இந்த இரண்டு காரியங்களே போதும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். மூன்றாவது சோதனை ஒன்று அவர்களுக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோர்களின் வீட்டில் இருந்தார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளின் வீட்டுக்குக் குடிவருவது பிற்காலத்தில் ஏற்பட்ட வழக்கம். ஆகையால் அந்தப் பழமொழியோடு, "வயதான தாயாரை அழைத்து வந்து பார்" என்பதையும் நேயர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பரீட்சையில் நாம் முதல் தடவை தேறவில்லை. இரண்டாம் தடவை ஒருவாறு கரையேறினோம். அந்தக் கதையைச் சொல்வதில் நமக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படியே இந்தியாவில் அறுபது பிராயத்தை எட்டியவர்கள் சுமார் 10.4 கோடிப் பேர். ஆகவே இதே பரீட்சைக்கு உட்காரப் போகிறவர்கள் நம் நேயர்களில் பலர் இருப்பார்கள். நாம் தவறு செய்த இடங்களை அவர்களுக்குச் சொல்லிவிடுவதே நியாயம்.

நம் தாயாருக்கு வயது 78. திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமத்தில், தகப்பனார் காலமான பிறகு பன்னிரண்டு வருஷம் தனியாகவே வீட்டை ஆண்டு வந்தார். சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலம், கொல்லைப் படியில் கால் வழுக்கி, வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. டெலிபோனில், "ஒன்றும் இல்லை தம்பி, கை கொஞ்சம் பிசகிவிட்டது" என்றுதான் சொன்னார். போய்ப் பார்த்தபோது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம், தாயார் இனிமேல் சென்னையில் நம்முடன்தான் இருக்க வேண்டும் என்று. தாயாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் நம் ஜாகை. பதினைந்து நாள் தடபுடலாக ஏற்பாடுகள் நடந்தன. புதுக் கட்டில் வந்தது. ஆள் உட்கார்ந்தால் அரை அடி உள்ளே போகும்படியான மெத்தை வந்தது. தரை சில்லென்று இருக்குமே என்று ஒரு கம்பளம் வந்தது. தலைமாட்டில் ஒரு மின்சார மணி. அதை அமுக்கினால் நம் அறையில் கணகணவென்று அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டமும் இயற்றினோம். "அம்மா! நீ இத்தனை காலம் உழைத்தது போதும். இங்கே ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. எது வேண்டுமானாலும் மணியை அடி, நாங்கள் வருகிறோம்" என்று சொன்னோம். தாயார் சிரித்துக்கொண்டு, "சரி" என்றார். நாமும் நல்ல பிள்ளை என்று நம்மையே மெச்சிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

மணி அடிக்காத இரவு

மூன்று வாரம் கழிந்தது. ஒரு நாள் நள்ளிரவில் குளிக்கும் அறையிலிருந்து தடால் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டோம். தாயார் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். துண்டு போடும் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவர் கையில் இருந்தது. பக்கெட் உருண்டு கிடந்தது. நல்ல வேளையாக அவர் விழவில்லை. இன்னும் ஒரு கணம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நமக்குக் கைகால் நடுங்கிற்று.

"மணியை ஏன் அம்மா அடிக்கவில்லை?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டோம்.

"இரவிலே மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. மூன்று தடவையும் உன்னை எழுப்பினால் நீ காலையில் ஆபீஸுக்குப் போவது எப்படி? குழந்தைக்குப் பரீட்சை வேறு" என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் அந்தப் பதிலில் இருந்தது. மலஜலம் கழிக்கப் போவதற்குப் பிள்ளையை மணி அடித்துக் கூப்பிட எந்தத் தாயாருக்கு மனம் வரும்? மூன்று வாரமாக அவர் அந்த மணியை ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஒவ்வொரு இரவும் இருட்டில், சுவரைத் தடவிக்கொண்டு, கம்பளத்தின் ஓரத்தைத் தாண்டி, அந்தத் துண்டுக் கம்பியை நம்பிப் போய் வந்திருக்கிறார். நாம் வாங்கிய சாமான்களிலேயே அதிக உபயோகமாயிருந்தது நாம் வாங்காத அந்தக் கம்பிதான்!

வைத்திய அம்மையாரின் கேள்வி

மறு நாள் நமக்குத் தெரிந்த ஒரு வைத்திய அம்மையாரிடம் தாயாரை அழைத்துச் சென்றோம். அவர் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகு ஒரு வேடிக்கையான பரீட்சை வைத்தார். தாயாரை நாற்காலியில் உட்கார வைத்து, மூன்று மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு போட்டார். "எழுந்து, அந்தக் கோடு வரை வழக்கம்போல் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள்" என்றார். கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 19 விநாடி ஆயிற்று. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழக்கூடிய அபாயம் உண்டு என்று கொள்ள வேண்டுமாம்.

"ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று தாயாரைக் கேட்டார். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, கோயிலுக்குப் போய் வருவது, கொல்லையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, சமையல் என்று தாயார் அடுக்கினார். "இங்கே?" என்றதும் தாயார் நம்மைப் பார்த்தார். நாம் நமது சட்டத்தைப் பெருமையுடன் எடுத்துரைத்தோம்.

வைத்திய அம்மையார் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் பந்தோபஸ்து செய்யச் சொன்னால், நீங்கள் அம்மாவைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். இந்த வயதில் சில வாரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே தொடைச் சதையின் பலம் குறைந்துவிடும். பலம் குறைந்தால் நடை தள்ளாடும். தள்ளாடுகிறதே என்று நீங்கள் இன்னும் உட்கார வைப்பீர்கள். கடைசியில் விழுவதற்குப் படிகூட வேண்டியிராது, நாற்காலியிலிருந்து எழுந்தாலே போதும்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரமான ஆராய்ச்சிகள் பல இருக்கின்றன. அவற்றில் பேர்பெற்ற ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மேரி டினெட்டி என்னும் வைத்திய நிபுணரும் அவருடைய சகாக்களும் அதை 1988-ல் வெளியிட்டார்கள். வீடுகளில் வசிக்கும் 75 பிராயமும் அதற்கு மேலும் ஆன 336 பேரை ஒரு வருஷ காலம் அவர்கள் கவனித்து வந்தார்கள். அந்த வருஷத்துக்குள் 108 பேர், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர், ஒரு தடவையாவது விழுந்தார்கள். தூக்க மருந்து, ஞாபகக் குறைவு, கால்களின் பலவீனம், பாதக் கோளாறு, நடைத் தள்ளாட்டம் போன்ற காரணங்களை அவர்கள் கணக்கெடுத்தார்கள். இவற்றில் ஒன்றும் இல்லாதவர்களில் நூற்றுக்கு 8 பேர்தான் விழுந்தார்கள். நான்கும் அதற்கு மேலும் உள்ளவர்களிலோ நூற்றுக்கு 78 பேர்! விழுந்த சம்பவங்களில் நூற்றுக்கு 44-ல் சுற்றுப்புறத்திலே ஏதேனும் ஓர் இடைஞ்சல் இருந்தது.

இதிலிருந்து விளங்குவது என்ன? விழுவது விதி அல்ல. ஒரு பெரிய காரணத்தால் வருவதும் அல்ல. சின்னஞ்சிறு காரணங்கள் நாலைந்து ஒன்றுகூடிச் சதி செய்கின்றன. இருட்டு ஒன்று, ஈரம் ஒன்று, பழைய செருப்பு ஒன்று, இரவில் சாப்பிட்ட மாத்திரை ஒன்று. அவற்றில் இரண்டைக் கலைத்துவிட்டாலும் சதியின் பலம் பாதியாகிவிடும்.

தாயார் செய்த சோதனை

வீட்டுக்குத் திரும்பியதும் நாம் முதலில் செய்ய மறந்த காரியத்தைச் செய்தோம். தாயாரிடம் ஒரு பென்சிலையும் காகிதத்தையும் கையில் வைத்துக்கொண்ட பேத்தியையும் ஒப்படைத்து, "அம்மா! வீடு முழுவதும் நடந்து பார். உனக்கு எங்கே பயமாயிருக்கிறதோ சொல்" என்றோம்.

"பயம் என்ன பயம்? இதெல்லாம் யார் வீட்டைக் கட்டினது? கட்டினவனுக்கு வயதான அம்மா கிடையாதா?" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் பேத்தியின் காகிதத்தில் இருபத்து மூன்று இனங்கள் சேர்ந்துவிட்டன. பதினைந்து நாள் யோசித்தும் நம் கண்ணில் படாதவை!

முதல் இனம், நாம் ஆசையாக வாங்கிய கம்பளம். அதன் ஓரம் அவருடைய கட்டை விரலைத் தினந்தோறும் பிடித்து இழுத்திருக்கிறது. இரண்டாவது இனம், மெத்தை. அதிலிருந்து எழுந்திருப்பது சேற்றிலிருந்து எழுந்திருப்பது போல் இருந்ததாம். தாயாருக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்துத்தான் பழக்கம். ஆனால் தரையிலிருந்து எழும்ப முழங்கால் இப்போது ஒத்துக்கொள்வதில்லை. கடைசியில், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும்படி, சுமார் 18 அங்குல உயரத்தில், அமுங்காத மெத்தை போட்டு, அதன் மேல் ஊரிலிருந்து வந்த கோரைப் பாயை விரித்தோம். உயரம் நமது, பாய் அவருடையது. இப்படி ஒவ்வோர் இனத்திலும் ஒரு சமாதான உடன்படிக்கை நடந்தது.

விளக்கு விஷயம் மிகவும் முக்கியமானது. அறுபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக்காரரின் கண்ணுக்குள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் சாஸ்திரம் அறிந்தவர்கள் கூறுகிறார்கள். நமக்குப் போதும் என்று தோன்றுகிற வெளிச்சம் பெரியவர்களுக்கு அந்தி நேரந்தான். தாயாரின் அறையில் ஸ்விட்ச் வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது, விளக்கைப் போடுவதற்கு இருட்டில் அறை முழுவதும் நடக்க வேண்டும்! கட்டிலில் படுத்தபடியே எட்டும் இடத்துக்கு அதை மாற்றினோம். கட்டிலிலிருந்து குளிக்கும் அறை வரையில், ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானே எரிந்து தானே அணையும் சிறு விளக்குகள் மூன்று வைத்தோம். அந்த வழியில் மிதியடியோ, செல்போன் கம்பியோ, பத்திரிகைக் கட்டோ, குழந்தையின் புத்தகப் பையோ கிடக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. கட்டளையை அதிகமாக மீறியவர் நாம்தான் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நீராடும் அறை

குளிக்கும் அறைக்குள் இறங்க இரண்டு அங்குலப் படி ஒன்று இருந்தது. தரையும் சாம்பல் நிறம். படியும் சாம்பல் நிறம். "இங்கே படி இருப்பது உனக்குத் தெரியும், என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்றார் தாயார். படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் வர்ணம் அடித்தோம். நாலணாக் காரியம், நாற்பதாயிரம் ரூபாய்ச் சிகிச்சையைத் தடுக்கக் கூடியது.

சுவரில் கைப்பிடிகள் வைப்பதிலேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். துண்டுக் கம்பி கைப்பிடி ஆகாது. ரப்பரால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பிடிகளையும் நம்புவதற்கில்லை. துருப்பிடிக்காத எஃகினால் ஆனதாய், கைக்கு அடக்கமாக 1¼ முதல் 1½ அங்குலக் கனமுள்ளதாய் இருக்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் 1½ அங்குலம் இடைவெளி விட்டு, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்துக்குள், செங்கல் சுவரில் ஆழமாய்த் துளையிட்டு முடுக்க வேண்டும். பொருத்தியதும் நாம் நமது முழுப் பளுவையும் அதில் தொங்கவிட்டுச் சோதித்தோம். அந்தப் பளு எவ்வளவு என்பதை இங்கே வெளியிடுவதாக இல்லை. பிடி அசையவில்லை என்பது மட்டும் நேயர்களுக்குப் போதும்.

மலங்கழிக்கும் பீடத்தின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருந்தால் எழுந்திருப்பது எளிது. அதன் பக்கத்திலும் ஒரு பிடி வேண்டும். குளிப்பதற்கு, காலில் ரப்பர் போட்ட கெட்டியான ஆசனம் ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலி ஈரத்தில் சறுக்கும். தண்ணீர்ப் பக்கெட்டை ஒரு முக்காலி மேல் வைத்தால், ஒவ்வொரு செம்புக்கும் குனிந்து நிமிர வேண்டியதில்லை. எண்ணெய் ஸ்நானம் செய்யும் நாளில், அடுத்தவர் உள்ளே போவதற்கு முன் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். வெந்நீர்க் கொதிகலனின் சூட்டை 49 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகாமல் திருப்பி வைக்க வேண்டும். 60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். கொதிகலன் உள்ள வீட்டில், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே ஓட்டத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. கருவி அவசியம் இருக்க வேண்டும்.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. உட்புறமாகத் திறக்கும் கதவானால், உள்ளே விழுந்தவரின் தேகமே கதவை அடைத்துக்கொள்ளும். ஆகவே அதை வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றினோம். "தாழ்ப்பாளே வேண்டாம்" என்று நாம் சொன்னபோது தாயாரின் முகம் சுண்டிப் போயிற்று. "கதவைத் தாழ் போட்டுக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா, தம்பி?" என்றார். நமக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே பூட்டியிருந்தாலும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திருகித் திறக்கக்கூடிய பூட்டுகள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கிப் பொருத்தினோம்.

அடுப்பங்கரை அதிகாரம்

காகிதத்தில் கடைசியாக இருந்த இனம் வேறு மாதிரியானது. பேத்தி தயங்கித் தயங்கி வாசித்தாள்: "அப்பாயிக்கு ஒரு வேலையும் இல்லை."

இதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது? நம் இல்லத்தரசிதான் வழி கண்டாள். "அத்தை! காலைக் காப்பி இனிமேல் உங்கள் கையால்தான்" என்று சொல்லிவிட்டாள். அதற்காக அடுப்பங்கரையும் மாறிற்று. பரணிலும் மேல் தட்டிலும் இருந்த காப்பிப் பொடி, சர்க்கரை, டவரா தம்ளர் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுக்கு இறங்கின. முக்காலி போட்டு ஏறும் வழக்கம் வீட்டில் ஒருவருக்கும் கிடையாது என்று தீர்மானம் ஆயிற்று. எரிவாயுக் குழாயைப் புரட்டிப் பார்த்தால் அதன் ஐந்து வருஷ ஆயுள் எப்போதோ முடிந்திருந்தது, மாற்றினோம். வாயுக் கசிவுக்குக் கூப்பிட வேண்டிய 1906 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தாயார் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரிக்கவும் கீரை ஆயவும் ஒரு மேஜையும் கைவைத்த நாற்காலியும் வந்தன. கோலம் போட வாசலை மெழுகினால், ஈரம் காய்ந்த பிறகே போட வேண்டும். எழும்பும்போது பிடித்துக்கொள்ளக் கெட்டியான நாற்காலி ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

தேகத்தின் பங்கு

வீட்டை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் பாதி வேலைதான் ஆகும். மற்றப் பாதி தேகத்தைச் சேர்ந்தது. தாயார் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வைத்திய அம்மையாரிடம் காட்டினோம். ஜலதோஷத்துக்கென்று கடையில் தாமாக வாங்கிய மாத்திரை ஒன்றும், எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை ஒன்றும் அதில் இருந்தன. இரண்டும் தலைக் கிறுகிறுப்பை உண்டாக்கக் கூடியவை. ஜலதோஷ மாத்திரையை நிறுத்தச் சொன்னார். தூக்க மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். இந்தக் குறைப்பை நேயர்கள் தாமாகச் செய்யலாகாது. வைத்தியரின் சொற்படிதான் செய்ய வேண்டும்.

படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருளுவது உண்டு. ஆகவே கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்குப் படிக்கட்டில் கீழ்ப் படி மங்கலாய்த் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தேய்ந்து போன ரப்பர்ச் செருப்புக்குப் பதிலாக, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வாருள்ள செருப்பு வேண்டும்.

அப்பியாசம் என்றதும் பெரியவர்கள் சிரிப்பார்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது, ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தை வைத்து நிற்பது - தினம் இவ்வளவுதான். பேத்தி எண்ண, தாயார் செய்கிறார். சில நாட்களில் தாயார் எண்ண, நாம் செய்கிறோம். மூச்சு முதலில் வாங்குவது நமக்குத்தான்.

விழுந்துவிட்டால்

இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் விழலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பின்படி விழுவதனால் ஆண்டுதோறும் உலகத்தில் 6,84,000 பேர் மாண்டு போகிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். ஆகவே விழுந்தால் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

விழுந்தவரைக் கையைப் பிடித்து உடனே தூக்கி நிறுத்துவதுதான் நாம் எல்லாரும் செய்வது, அதுதான் தவறு. இடுப்பில் தாங்க முடியாத வலியோ, ஒரு கால் குட்டையாகித் திரும்பியோ இருந்தால், அப்படியே படுக்க வைத்து, போர்த்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். தலையில் அடி பட்டிருந்து, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து சாப்பிடுகிறவராயும் இருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காயம் ஒன்றும் இல்லையானால், பக்கவாட்டில் திரும்பி, மண்டியிட்டு, ஒரு கெட்டியான நாற்காலியை இரண்டு கையாலும் ஊன்றி, மெதுவாய் எழும்பச் செய்யலாம். நமது மின்சார மணியும் இப்போது ஒரு வேலைக்கு உதவுகிறது. அதன் பொத்தானைக் குளிக்கும் அறையில், தரையில் கிடந்தாலும் எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம். ஆபத்துக்கு மட்டும் மணி, அன்றாடத்துக்கு வேண்டாம்.

சர்க்காரும் தம் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறார்கள். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்த 2007-ல் ஒரு சட்டம் நிறைவேறிற்று. முதியவர்கள் ஆலோசனைக்கும் உதவிக்கும் 14567 என்ற எண்ணைக் கூப்பிடலாம். முதியோர் வைத்தியத்தை நம் தேசத்தில் தனித் துறையாக வளர்த்த முன்னோடி, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள். 2024-ல் சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய ஆஸ்பத்திரி ஒன்று திறக்கப்பட்டது. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கட்டிலின் உயரத்தை அளந்து பார்க்கச் சட்டம் வராது. அதை அளக்க வேண்டியவர்கள் நாம்.

ஆடிப் பதினெட்டு

ஆறு மாதம் கழித்து வைத்திய அம்மையார் மறுபடியும் தரையில் கோடு போட்டார். 19 விநாடி 13 ஆகியிருந்தது. "இன்னும் ஒரு விநாடிதானே கூட? கொஞ்சம் வேகமாய் வந்திருப்பேன், நீங்கள்தான் வழக்கம்போல் நடக்கச் சொன்னீர்கள்" என்றார் தாயார்.

இரவில் இப்போதும் மூன்று தடவை எழுந்திருக்கிறார். சிறு விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக எரிந்து அணைவது நம் அறைக் கதவின் இடுக்கில் தெரியும். மணி அடிப்பதில்லை, அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. விடியற்காலம் ஐந்து மணிக்குக் காப்பி மணம் வந்து நம்மை எழுப்புகிறது. பெரியவர்களுக்கு வீட்டைச் செம்மை செய்வது என்பதற்கு நாம் கண்ட அர்த்தம் இவ்வளவுதான்: அவர்கள் யாரையும் கேட்காமலே தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளும்படி வீடு இருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்குக் காவேரியைப் பார்க்க வேண்டும் என்று தாயார் ஆசைப்பட்டார். "போய்விட்டு உடனே திரும்பிவிடலாம், அம்மா" என்று நாம் ஆரம்பித்தோம். வாயை மூடிக்கொண்டோம். இந்தத் தடவை கேட்க வேண்டும் என்ற புத்தி வந்திருந்தது. "எத்தனை நாள் இருக்க உத்தேசம், அம்மா?" என்று கேட்டோம்.

தாயார் சற்று யோசித்தார். "கார்த்திகை வரையில் அங்கே இருக்கிறேன். மழையும் பனியும் வந்தால் இங்கே வருகிறேன். அதற்கு முன்னால், அந்த எஃகுப் பிடி இருக்கிறதே, அதில் இரண்டு வாங்கு தம்பி. ஒன்று கொல்லைப் படிக்கு. ஒன்று அடுத்த வீட்டில் சோறு பிசைந்து கொடுத்தாளே, அந்தப் பெண்ணின் மாமியாருக்கு" என்றார்.

இரண்டும் வாங்கி, துளையிடும் கருவியுடன் நாமே ரயில் ஏறினோம்.